ஐந்து நாள் பரீட்சை

(வாத்தியார் மேஜையிலிருந்து)

"பையன் பன்னிரண்டாம் வகுப்பு வாசிக்கிறான். ராணுவத்தில் ஆபீஸராக வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறான். அதற்கான பரீட்சை மற்றப் பரீட்சைகளைப் போன்றதல்ல என்று சொல்கிறார்கள். எந்தப் புஸ்தகத்தை வாங்கிக் கொடுத்தால் தேறுவான்?" என்று கேட்டு நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதத்தின் ஓரத்தில், வேறு கையெழுத்தில், பென்சிலால் இன்னும் ஒரு வரி காணப்படுகிறது: "அவன் தேறாமலிருப்பதற்கு ஏதேனும் வழி இருந்தால் அதையும் எழுதவும்." பையனுடைய தாயார் எழுதியதாக இருக்க வேண்டும்.

இருவருக்கும் சேர்த்தே பதில் எழுத உத்தேசித்திருக்கிறேன். தகப்பனாரின் கேள்வி சுலபமானது. அதை முதலில் எடுத்துக் கொள்வோம்.

பள்ளிப் படிப்பை முடிக்கும் வாலிபர்களுக்கு உள்ள வழி, புனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் என்.டி.ஏ. என்னும் தேசிய ராணுவக் கலாசாலை. பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள் இருக்க வேண்டும், விவாகமாகியிருக்கக் கூடாது. பட்டதாரிகளுக்கு ஸி.டி.எஸ். என்று வேறொரு பரீட்சை உண்டு. இரண்டையும் யூனியன் பப்ளிக் ஸர்விஸ் கமிஷன் வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது.

என்.டி.ஏ. பரீட்சையில் இரண்டு தாள்கள். கணிதத்தில் 120 கேள்விகள், 300 மார்க்குகள். பொது ஞானத் தாளில் 150 கேள்விகள், 600 மார்க்குகள். அவற்றில் 200 இங்கிலீஷுக்கு, 400 பௌதிகம், ரஸாயனம், சரித்திரம், பூகோளம், நடைமுறை விஷயங்கள் முதலியவற்றுக்கு. ஒவ்வொரு தாளுக்கும் இரண்டரை மணி நேரம். கணிதத் தாளைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிஷந்தான் கிடைக்கிறது. கேள்விகள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைத் தாண்டி அதிகம் போவதில்லை. ஆகவே, "எந்தப் புஸ்தகம்?" என்ற கேள்விக்குப் பதில், பையனுடைய பையில் ஏற்கெனவே இருக்கும் பாடப் புஸ்தகந்தான். அத்துடன் கமிஷன் தன்னுடைய இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கும் பழைய கேள்வித் தாள்களை, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதிப் பழக வேண்டும். கேள்விகள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. தமிழில் வாசித்த பையனுக்கு இது அதிகப்படியான சுமைதான். ஆனால் ஒரு வருஷம் முந்தியே தொடங்கினால் தாங்கக்கூடிய சுமை.

தப்பான விடைக்கு அபராதம் உண்டு என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதைக் கண்டு மிரளுகிறவர்களும் உண்டு. அதை மதியாமல் எல்லாவற்றையும் குறித்துத் தள்ளுகிறவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரு சிறு கணக்கு. நான்கு விடைகளில் ஒன்றுதான் சரி. தப்பினால் அந்தக் கேள்விக்குரிய மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் நான்கு தடவையில் ஒரு தடவை சரியாகும். அதில் கிடைத்த முழு மார்க்கும் மற்ற மூன்று தப்புகளுக்குத் தண்டமாகப் போய்விடும். மிச்சம் பூஜ்யம். ஆனால் நான்கில் இரண்டு விடைகள் நிச்சயமாகத் தப்பு என்று பையனுக்குத் தெரிந்திருந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிப்பது லாபம்; சராசரியில் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். ஒன்றுமே தெரியாத இடத்தில் சும்மா இருக்க வேண்டும்; பாதி தெரிந்த இடத்தில் துணிய வேண்டும். ராணுவ உத்தியோகத்துக்கு இது பொருத்தமான முதற் பாடமென்றே தோன்றுகிறது.

எழுத்துப் பரீட்சையைப் பற்றி இவ்வளவு போதும். ஏனெனில், அதில் கிடைக்கக்கூடிய 900 மார்க்குகளுக்குச் சமமாக இன்னொரு 900 மார்க்குகள் வேறோரிடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடத்துக்குப் பெயர் ஸர்வீஸஸ் ஸெலக்ஷன் போர்டு. சுருக்கமாக எஸ்.எஸ்.பி. என்கிறார்கள். அங்கே பையன் ஐந்து நாள் தங்க வேண்டும். தகப்பனாருக்குப் புதிராக இருப்பது இந்த ஐந்து நாள்தான்.

*

இந்தப் பரீட்சை எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

இரண்டாவது உலக யுத்தத்தின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆபீஸர்களைப் பழைய வழக்கப்படியே பொறுக்கிக் கொண்டிருந்தது. பெரிய மனிதர்கள் சிலர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் வாசித்தாய், என்ன விளையாட்டு ஆடுவாய், தகப்பனார் என்ன செய்கிறார் என்று சிறிது நேரம் விசாரிப்பார்கள். அதோடு சரி. இப்படிப் பொறுக்கி அனுப்பப்பட்டவர்களில் அநேகர், பயிற்சிக் கூடங்களிலிருந்து 'லாயக்கில்லை' என்று திரும்பி வரலானார்கள். கடைசியில் 1942-ஆம் வருஷம் மனோதத்துவ நிபுணர்களையும் வைத்தியர்களையும் கூப்பிட்டு எடின்பரோவில் ஒரு புது முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். வில்பிரட் பியான் என்ற வைத்தியர் ஒரு விசித்திரமான யோசனை சொன்னார். அபேட்சகர்கள் சிலரை ஒன்றாகச் சேர்த்து, ஒரு வேலையைக் கொடுத்து, 'இவர்தான் தலைவர்' என்று யாரையும் நியமிக்காமல் விட்டுவிட வேண்டும். பிறகு பரீட்சாதிகாரி வாயைத் திறக்காமல் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். யார் சத்தம் போடுகிறான், யார் யோசிக்கிறான், யார் அடுத்தவனுடைய யோசனை நல்லதென்று கண்டால் தன்னுடையதை விட்டுக் கொடுக்கிறான் என்பதெல்லாம் தாமாகவே வெளிப்பட்டுவிடும்.

மறு வருஷமே, 1943-இல், டேராடூனில் இந்த முறையைப் பரிசோதிக்க ஒரு போர்டு அமைந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம்முடைய சர்க்கார் அதைக் கைவிடவில்லை. 1949-இல் அதற்கென்றே ஒரு மனோதத்துவ ஆராய்ச்சிப் பிரிவை ஏற்படுத்தி வளர்த்து வந்தது. இன்று டில்லியில் ராணுவ மனோதத்துவ ஆராய்ச்சி நிலையமாக இருப்பது அதன் வழி வந்ததுதான்.

இந்தச் சரித்திரத்தில் தமிழர்களுக்குத் தனியாக ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. பிற்காலத்தில் லார்டு ராபர்ட்ஸ் என்று பெயர் பெற்ற தளபதி, 1881 முதல் 1885 வரையில் சென்னைப் படைக்குத் தலைவராக இருந்தவர். தென்னாட்டாரிடம் போர்க் குணம் இல்லை என்பது அவர் கொண்ட தீர்மானம். பிறகு அவர் இந்தியா முழுமைக்கும் பிரதம தளபதியானபோது, வடமேற்கிலுள்ள சில ஜாதியாரே வீர ஜாதியார் என்ற கொள்கை பலப்பட்டது. சென்னைப் படைப் பிரிவுகள் பல கலைக்கப்பட்டன. ஒருவன் பிறந்த ஊரையும் ஜாதியையும் கேட்டே அவனுடைய தைரியத்தை அளந்துவிட்ட காலம் அது. அந்த அளவுகோல் எவ்வளவு கோணலானது என்பதற்கு, பின்னால் திருச்செங்கோட்டுக்கு அருகேயுள்ள குமாரமங்கலம் குடும்பத்தைச் சேர்ந்த ஜெனரல் பி. பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரையிலும், செங்கற்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி 1986 முதல் 1988 வரையிலும் பாரத ராணுவத்துக்கே தலைமை வகித்தது போதுமான பதில்.

போர்டுக்குச் செல்லும் வாலிபனுக்கு முதல் நாளே மார்பில் ஒரு எண்ணைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஏழாம் நம்பர், பதினெட்டாம் நம்பர், அவ்வளவுதான். மிராசுதார் மகனும் ஏழாம் நம்பராக இருக்கலாம். மாட்டு வண்டிக்காரர் மகனும் பதினெட்டாம் நம்பராக இருக்கலாம். ஐந்து நாளும் பலகையும் கயிறும் இருவரையும் ஒரே கேள்விதான் கேட்கின்றன.

*

இனி அந்த ஐந்து நாளில் நடப்பதைப் பார்ப்போம்.

முதல் நாள் சல்லடை. புத்திக் கூர்மைக்கான சிறு சிறு கேள்விகள் முதலில். பிறகு தெளிவில்லாத ஒரு படத்தை முப்பது விநாடி திரையில் காட்டுவார்கள். படத்தில் இருப்பவர்கள் யார், என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று நான்கு நிமிஷத்தில் கதையாக எழுத வேண்டும். அப்புறம் கோஷ்டியாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தம் கதையைச் சொல்லி, எல்லோருமாக ஒரு பொதுக் கதைக்கு வந்து சேர வேண்டும். வந்தவர்களில் பெரும் பகுதியினர் அன்றே ஊருக்கு ரயிலேறுகிறார்கள்.

மிஞ்சியவர்களுக்கு இரண்டாம் நாள் மனோதத்துவப் பரீட்சை. பன்னிரண்டு படங்கள், பன்னிரண்டு கதைகள். கடைசிப் படம் வெறும் வெள்ளைத் திரை. அதற்குரிய படத்தையும் பையனே மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு அறுபது வார்த்தைகள். ஒவ்வொன்றையும் பார்த்தவுடன் பதினைந்து விநாடிக்குள் ஒரு வாக்கியம். பிறகு அறுபது சந்தர்ப்பங்கள். அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றிலும் தான் என்ன செய்வான் என்று எழுத வேண்டும். கடைசியில், தன்னைப் பற்றித் தாய் தந்தையர் என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், தான் என்ன நினைக்கிறான் என்று பதினைந்து நிமிஷத்தில் எழுத வேண்டும். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இடையில் பேனாவைக் கீழே வைத்து யோசிப்பதற்கு அவகாசம் கிடையாது. அப்படித் திட்டமிட்டே செய்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மைதானத்தில். கோஷ்டியாக விவாதம், ஒரு வரைபடத்தைக் காட்டி, ஒரே சமயத்தில் நேரும் நாலைந்து ஆபத்துகளை எந்த வரிசையில் சமாளிப்பது என்ற யோசனை, மூன்று நிமிஷம் தயார் செய்து மூன்று நிமிஷம் பேசும் சிறு பிரசங்கம், மூன்று நிமிஷத்தில் பத்துத் தடைகளைத் தாண்டும் தனி ஓட்டம்.

இவற்றுள் மிகவும் ருசிகரமானது கோஷ்டியாகத் தடை தாண்டுவது. ஒரு பலகை, ஒரு மரக் கழி, ஒரு கயிறு, தூக்கிச் செல்ல ஒரு சுமை. இவற்றை வைத்துக்கொண்டு ஆரம்பக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரையில், தரையைத் தொடாமல், நட்டு வைத்திருக்கும் கம்பங்கள் மேலும் பீப்பாய்கள் மேலும் கால் வைத்து எல்லோரும் போய்ச் சேர வேண்டும். சிவப்பு வர்ணம் பூசிய இடத்தை ஆளும் தொடக்கூடாது, சாமானும் தொடக்கூடாது. பலகை ஒரு சாண் போதாமல் இருக்கும். கழி எட்டும், ஆனால் உருளும். அப்போது பார்க்க வேண்டும்! ஒருவன், "நான் சொல்வதைக் கேளுங்கள்!" என்று கத்துவான். இன்னொருவன் ஒன்றும் சொல்லாமல் பலகையின் மறு முனையில் போய் உட்கார்ந்து, தன் பளுவால் அதை அழுத்திக்கொள்வான். அந்த ஒரு சாணும் கிடைத்துவிடும். பரீட்சாதிகாரியின் பென்சில் எந்த நம்பருக்கு நேரே நகரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் ஒரு நாள் பேட்டி. வகுப்பு வகுப்பாக வாங்கிய மார்க்குகள், பிடித்த ஆசிரியர், பிடிக்காத பாடம், தம்பியோடு போட்ட சண்டை, கைச்செலவுக்குக் கொடுத்த பணத்தை என்ன செய்தாய் என்று பத்துப் பன்னிரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் அடுக்கிவிடுவார்கள். பையன் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் கூடிய சபையில் ஒவ்வொருவனும் தனியே போய்ச் சில நிமிஷம் நின்று வரவேண்டும். அன்றே முடிவு.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனோதத்துவ அதிகாரி பையனைப் பார்ப்பதில்லை. அவன் எழுதியதைத்தான் வாசிக்கிறார். பேட்டி அதிகாரி அவன் பேச்சைக் கேட்கிறார். மைதான அதிகாரி அவன் செய்கையைப் பார்க்கிறார். மூவரும் தனித்தனியே முடிவு செய்து, கடைசி நாளில்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மனம், வாக்கு, காயம் என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்த மூன்றுதான் இவை. கதையில் அஞ்சா நெஞ்சனாகவும், பேட்டியில் பரோபகாரியாகவும், மைதானத்தில் பலகையைப் பிறர் தூக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டும் ஒருவன் இருந்தால், கடைசி நாளில் மூன்று பேர் மூன்று வேறு மனிதர்களைப் பற்றிப் பேசிக் கொண்டிருப்பார்கள். அதுவே அவனுக்கு எதிரான தீர்ப்பு.

*

"இதற்கெல்லாம் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றனவே! பணம் கட்டினால் கதைகளைச் சொல்லிக் கொடுக்கிறார்களாமே?" என்று தகப்பனார் கேட்கலாம். இருக்கத்தான் இருக்கின்றன. மைதானத்து விதிகளை விளக்குவதும், கூச்சத்தைப் போக்குவதும், இங்கிலீஷில் பேச வைப்பதுமான நல்ல காரியத்தைச் செய்கிறவர்களைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. கதைகளை விற்கிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்னிடம் வாசித்த மாணவன் ஒருவன், கைத்தறி நெசவாளியின் மகன், கெட்டிக்காரன். எழுத்துப் பரீட்சையில் தேறினான். தகப்பனார் கடன் வாங்கி அவனைக் கதை விற்கும் கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே முப்பது கதைகள் கொடுத்தார்களாம். எந்தப் படத்தைக் காட்டினாலும் கதாநாயகன் கிராமத்துக்குப் போய் வைத்திய முகாம் நடத்தி, கலெக்டரிடம் பரிசு பெற்றுத் திரும்புவான். போர்டில் முதல் நாள் படத்தைக் காட்டினார்கள். கோஷ்டியாக உட்கார்ந்து கதை சொல்லும்போது, அவனுக்கு முன்னால் நான்கு பேர் வைத்திய முகாம் நடத்திவிட்டார்கள். நால்வருக்கும் கலெக்டர் பரிசு கொடுத்துவிட்டார். ஐந்தாவதாக இவன் வாயைத் திறந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவன் தலையைக் குனிந்து கொண்டானாம். அன்று மாலையே ரயில்.

மறு தடவை போவதற்கு முன் என்னிடம் வந்தான். "என்ன எழுதட்டும், சார்?" என்று கேட்டான். "உன் வீட்டில் நடந்ததில் உனக்கு மறக்காதது எது?" என்று நான் கேட்டேன். நெடு நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். ஓர் ஐப்பசி மாதத்து இரவு மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து குழித்தறியை நோக்கி வந்ததாம். தகப்பனார் ஊரில் இல்லை. தறியில் இருந்தது முதலாளி கொடுத்த பட்டுப் பாவு. நனைந்தால் ஆறு மாத வருமானம் போய்விடும். இவன் தாயாரை விளக்குப் பிடிக்கச் சொல்லி, அடுத்த வீட்டுக்காரரை எழுப்பி, வாசலில் மண்ணையும் சாக்கையும் போட்டு அணை கட்டிவிட்டு, இருவருமாகப் பாவைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றினார்களாம். அப்போது அவனுக்கு வயது பதினான்கு.

"இதைக் காட்டிலும் என்ன கதை வேண்டும்?" என்றேன். "இது கதையா, சார்? இது வீட்டு வேலை அல்லவா?" என்றான்.

அவன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையில் போர்டு தேடுகிறதெல்லாம் இருக்கிறது. பரீட்சாதிகாரிகள் பதினைந்து குணங்களை எழுதி வைத்திருக்கிறார்கள்: யோசிக்கும் திறன், ஒழுங்கு செய்யும் திறன், தன் கருத்தைச் சொல்லும் திறன், ஒத்துழைப்பு, பொறுப்புணர்ச்சி, தானாக முன்வருதல், விரைந்து முடிவு செய்தல், தைரியம், சகிப்புத் தன்மை என்று அந்த ஜாபிதா போகிறது. அந்த மழை இரவில் அவற்றில் பாதிக்கு மேல் இருக்கின்றன. வைத்திய முகாமில் ஒன்றுகூட இல்லை; அங்கே பரிசு மட்டும் இருக்கிறது.

இரண்டாம் தடவை அவன் ஐந்து நாளும் இருந்துவிட்டு வந்தான். சிபாரிசு கிடைக்கவில்லை. ஆனால் முதல் தடவை வந்தபோது முகத்தில் இருந்த வாட்டம் இப்போது இல்லை. "போன தடவை அங்கே போனவன் நானே இல்லை, சார். இந்தத் தடவை போனது நான்தான்," என்றான். இப்போது காலேஜில் பட்டப் படிப்பு வாசித்துக்கொண்டு, என்.ஸி.ஸி.யில் சேர்ந்து, ஸி.டி.எஸ். பரீட்சைக்குத் தயாராகிறான். என்.ஸி.ஸி.யில் 'ஸி' ஸர்டிபிகேட் உரிய தகுதியுடன் பெற்ற பட்டதாரிகளுக்கு, எழுத்துப் பரீட்சை இல்லாமலே போர்டுக்குச் செல்லும் தனி வழி ஒன்றும் உண்டு என்பதை இங்கே மற்றப் பெற்றோர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

*

அப்படியானால் தயார் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஆனால் அது வீட்டில் நடக்க வேண்டியது; இரண்டு வாரத்தில் முடியாதது.

முதலாவது, பையனுடைய உடம்பு. கமிஷனுடைய அறிவிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்: 2.4 கிலோ மீட்டர் தூரத்தை 15 நிமிஷத்தில் ஓடவும், தரையில் கையூன்றித் தண்டால் 20 எடுக்கவும், கம்பியைப் பிடித்து மேலெழும்புவது 8 தடவை செய்யவும், 3 அல்லது 4 மீட்டர் கயிறு ஏறவும் பழகி வரவேண்டும். விடியற்காலையில் எழுந்து ஓடுகிற பையனுக்கு இது பெரிய காரியமல்ல. காலை எட்டு மணிக்குத் தாயார் மூன்றாம் தடவை எழுப்பும்போது எழுந்திருக்கிற பையனுக்குத்தான் பெரிய காரியம்.

இரண்டாவது, பேச்சு. தினந்தோறும் பத்திரிகையில் ஒரு விஷயத்தைப் படித்து, இரவுச் சாப்பாட்டின்போது மூன்று நிமிஷம் அதைப் பற்றி வீட்டாருக்குச் சொல்லட்டும். ஒரு நாள் தமிழில், ஒரு நாள் இங்கிலீஷில். பாட்டி குறுக்கே கேள்வி கேட்டால் தடுக்க வேண்டாம். பாட்டியைவிடக் கடுமையான பரீட்சாதிகாரி போர்டில் இருக்கமாட்டார்.

மூன்றாவது, உண்மை. "நீ ஆற்றங்கரையில் நிற்கிறாய், நண்பன் மூழ்குகிறான், உனக்கு நீந்தத் தெரியாது" என்று ஒரு சந்தர்ப்பத்தை வைத்துக்கொள்வோம். "பாய்ந்து காப்பாற்றினேன்" என்று எழுதுகிறவன் இரண்டு பிணங்களுக்கு ஏற்பாடு செய்கிறான். "கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிட்டேன், இடுப்பு வேஷ்டியை அவிழ்த்து ஒரு நுனியை அவன் பக்கம் வீசினேன்" என்கிறவன் யோசிக்கிறவன். அவ்வாறே வார்த்தைப் பரீட்சையில் 'இருட்டு' என்று வந்தால், "இருட்டைக் கண்டு அஞ்சக்கூடாது" என்பது உபதேசம். உபதேசத்துக்கு மார்க்கு இல்லை. "இருட்டில் அவன் கயிற்றைத் தடவி வழி கண்டான்" என்பது காரியம். காரியமாக நினைக்கிற மனம் காரியமாகவே எழுதும்.

நான்காவது, மிகவும் முக்கியமானது, பொறுப்பு. நமது மத்தியதர வகுப்பு வீடுகளில் பையன் 'படிக்கிறான்' என்ற ஒரே காரணத்துக்காக, குடித்த காப்பித் தம்ளரைக்கூட அவன் எடுத்து வைக்க விடுவதில்லை. ரயில் டிக்கெட் தகப்பனார் வாங்குகிறார். பாங்கிக்கு அண்ணன் போகிறான். பரீட்சைப் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று தாயார் பார்க்கிறாள். பதினேழு வருஷம் இப்படி வளர்த்துவிட்டு, பதினெட்டாம் வருஷம் முப்பது சிப்பாய்களின் உயிரை அவனிடம் ஒப்படைக்கச் சொல்லுகிறோம். வீட்டில் கல்யாணம் வந்தால் பந்தி விசாரிக்கும் வேலையைப் பையனிடம் விடுங்கள். தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வேலையை விடுங்கள். தப்புச் செய்வான், செய்யட்டும். தம்மைப் பற்றித் தாய் தந்தையர் என்ன நினைக்கிறார்கள் என்று அவன் போர்டில் எழுத வேண்டியிருக்கிறதே, அதைப் பரீட்சை மண்டபத்தில் ஊகிக்க வேண்டாம். இன்றிரவே கேட்கட்டும், நீங்களும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அநேக வீடுகளில் அந்தச் சம்பாஷணை இதுவரையில் நடந்திராது.

*

இனி, பென்சிலால் எழுதிய அம்மையாருக்கு.

அம்மா, ஆபத்து இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள ஆபீஸர் பயிற்சிக் கலாசாலையில் பயின்று சென்ற மேஜர் முகுந்த் வரதராஜன், 2014-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ஆம் தேதி காஷ்மீரத்தில் ஷோபியான் ஜில்லாவில் உயிர் நீத்தார். தேசம் அவருக்கு அசோக சக்கரம் அளித்தது. அந்தச் சக்கரம் ஒரு மகனுக்கு ஈடாகுமா என்று கேட்பதற்குத் தாய்மார்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. தங்கள் பயத்தை மகனிடம் மறைக்க வேண்டாம். அதைக் கேட்டபின்பும் அவன் மனம் மாறவில்லையானால், அவன் விருப்பம் உண்மையானது என்று அறியலாம்.

தேறாமலிருக்க வழி கேட்டிருக்கிறீர்கள். வழி இருக்கிறது, அதை நீங்களோ நானோ செய்ய வேண்டியதில்லை. பையனுக்கு உள்ளூர விருப்பமில்லாமல், தகப்பனாரின் ஆசைக்காகவோ, உடுப்பின் மினுக்குக்காகவோ, சிநேகிதன் போகிறான் என்பதற்காகவோ போனால், அந்த ஐந்து நாளில் அது வெளிப்பட்டுவிடும். அவர்களே திருப்பி அனுப்பி விடுவார்கள். அவர்களையும் மீறித் தேறி வந்தானென்றால், அவன் அந்த வேலைக்கென்றே பிறந்தவன் என்று மூன்று பேர் தனித்தனியே சாட்சி சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள்.

சிபாரிசு கிடைக்காமல் திரும்பும் பையன்களைப் பற்றி எல்லாப் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போர்டில் 'பெயில்' என்ற வார்த்தையே கிடையாது. சிபாரிசு செய்கிறார்கள், அல்லது செய்வதில்லை. வயது வரம்புக்குள் மறுபடியும் மறுபடியும் போகலாம். நல்ல வைத்தியராகவோ, நல்ல ஆசிரியராகவோ ஆகக்கூடிய பையன் நல்ல ராணுவ ஆபீஸராக ஆகாமலிருக்கலாம். அது ஒரு குறையல்ல. ஸ்டேஷனில் இறங்கும் பையனிடம், "என்ன ஆயிற்று?" என்று கேட்பதற்கு முன்னால் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். கடிதத்தில் 'பையன்' என்றே எழுதியிருப்பதால் நானும் அவ்வாறே எழுதி வந்தேன். பரங்கிமலைக் கலாசாலையில் 1992-ஆம் வருஷத்திலிருந்தே பெண்கள் பயிற்சி பெற்று ஆபீஸர்களாகி வருகிறார்கள். கடக்வாஸ்லாவின் கதவு மட்டும் அவர்களுக்கு மூடியிருந்தது. 2021-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு பிறப்பித்தது. 2022-இல் பெண்கள் சேர்ந்தார்கள். 2025 மே மாதத்தில் முதன்முதலாகப் பதினேழு பெண்கள் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளி வந்தார்கள். அதே கேள்வித் தாள், அதே படங்கள், அதே பலகையும் கயிறும். வீட்டில் பெண்ணும் பிள்ளையும் சேர்ந்து வாசிக்கிறார்களானால், பழைய கேள்வித் தாளை அச்செடுக்கும்போது இரண்டு பிரதியாகவே எடுத்துவிடுவது நல்லது.

கண் பார்வை, வர்ணக் குருடு, தட்டைப் பாதம் முதலிய வைத்தியப் பரிசோதனை விஷயங்களைப் பற்றியும் சில நேயர்கள் கேட்டிருக்கிறார்கள். அதை இன்னொரு வாரம் எழுதுகிறேன்.